ஜானட்டின் முன் ஆக்ஸில்

பீம்ராவ் பிரிக்காத வண்டி திருவொற்றியூரில் இல்லை. கன்டெய்னர் இழுக்கும் டிரெய்லர் லாரியின் கியர்பெட்டியைத் தனியாளாக இறக்கிவிடுவான். எண்ணூர் நெடுஞ்சாலையோரம் கடலைப் பார்த்து நிற்கும் அவனுடைய தகர ஷெட்டில் நாள் முழுக்க அவன் வாய்தான் கேட்கும். லாரி டிரைவர்களை ஓட்டு ஓட்டென்று ஓட்டுவான். ஆனால் ஜானட் வந்து நின்றால் போதும், வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். ஆக்ஸில், பேரிங், ஆயில் சீல், இதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நாலைந்து வருஷமாக இதே கூத்துதான். மனுஷனுக்கு வயது நாற்பதைத் தொடப்போகிறது.

ஜானட் ராயபுரத்துக்காரி. மணலி புதுநகர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறாள். சொந்தச் சம்பளத்தில் பழைய ஜீப் ஒன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு எண்ணூர் மணலில் இறக்கிவிடுவாள். மணலோ சேறோ, வண்டி புதைகிற இடமாகப் பார்த்துத்தான் ஓட்டுவாள். எதை உடைத்தாலும் பீம்ராவிடம்தான் கொண்டுவருவாள். உடைகிற ஒவ்வொரு சாமானுக்கும் அவன் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தான் என்பது அவளுக்குத் தெரியாது.

பின் ஆக்ஸில் முன்பே போய்விட்டது. பட்டாளத்தில் ஏலம் விட்ட வண்டியிலிருந்து கனமானதாக ஒன்றைப் பார்த்துப் பொருத்திக் கொடுத்தான். அதன்பிறகு முன்பக்கம்தான் சவலைப்பிள்ளையாக நின்றது. போன மாதம் அதுவும் மணலில் படாரென்று முறிந்தது. அதே வாரம் ஜானட் ஒரு சேதியும் கொண்டுவந்தாள்.

"அருணாசலப் பிரதேசத்துல ஒரு கம்பெனி பீமு. டூர் வர்றவங்கள ஆத்துப் படுகை வழியா மலைக்கு இட்டுகினு போறாங்க. சொந்த வண்டியோட வந்தா வேலை நிச்சயம்னு சொல்ட்டாங்க. ஆனா வண்டி தாங்கணும். முன்னாடியும் பட்டாள ஆக்ஸில் போட்டுக் குடு."

"எப்ப போவணும்?"

"வண்டி ரெடியானதும்."

"வந்துடுவியா?"

"வேலைக்குப் போறவங்க எதுக்கு வருவாங்க?" என்று சொல்லிவிட்டு அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பீம்ராவ் குனிந்து, ஏற்கனவே முறுக்கியிருந்த போல்ட்டை இன்னொரு முறை முறுக்கினான்.

அவள் போகக் கூடாது. இது அவனுக்கு அன்றைக்கே தெரிந்த விஷயம். சோறு இறங்கவில்லை. வியாசர்பாடி வீட்டில் படுத்தால் அருணாசலத்து மலையெல்லாம் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு ஆக்ஸில் போட்டுக் கொடுப்பது, தன் கையாலேயே அவளை வழியனுப்புகிற வேலை. அந்த வேலையை அவனிடம்தான் கேட்கிறாள். அவனும் சரி என்று சொல்லியிருக்கிறான்.

பக்கத்துக் கடையில் லேத் பட்டறை வைத்திருக்கும் நசீர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"சொல்லித் தொலையேண்டா. அந்தப் பொண்ணு இன்னா உன்ன கட்ச்சா துன்னப் போவுது?"

"இன்னான்னு சொல்றது?"

"போவாதன்னு சொல்லு."

"அது ஆசப்பட்டுப் போவுது நசீரு. குறுக்க பூந்து நிக்கச் சொல்றியா?"

"நீ ஆசப்படுறியே, அது கணக்குல சேராதா?"

பீம்ராவ் ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஒரு லாரிக்கடியில் புகுந்துகொண்டான்.

ஆக்ஸிலை ஜானட்டே தேடிக்கொண்டு வந்தாள். புழல் தாண்டி ஒரு பழைய இரும்பு யார்டில் கிடைத்ததாம். குட்டியானை வேனில் ஏற்றி வந்து இறக்கியபோது பீம்ராவ் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஹவுசிங் என்கிற வெளிக்கூடு நேராக இருந்தது, எங்கும் வெல்டிங் விழவில்லை. அருமையான சாமான். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லையே என்றிருந்தது.

இங்கே ஒரு விஷயம். பழைய ஆக்ஸில் வாங்குகிறவர்கள் யார்டிலேயே ஒரு சோதனை செய்வார்கள். சக்கரம் மாட்டும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, ஆக்ஸிலின் நடுவில் எஞ்சின் ஓட்டத்தை வாங்குகிற பினியன் பல்சக்கரத்தைக் கையால் சுற்றி, சக்கரம் ஒரு சுற்று வர பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுவார்கள். முன்னுக்கும் பின்னுக்கும் ரேஷியோ என்கிற அந்தக் கணக்கு ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நாலு சக்கரத்துக்கும் ஓட்டம் கொடுத்ததும் முன்பக்கம் ஒரு வேகத்தில் இழுக்கும், பின்பக்கம் வேறொரு வேகத்தில் தள்ளும். நடுவில் மாட்டிய கியரெல்லாம் தூள்தூளாகிவிடும். பட்டாள வண்டிகளில் இரண்டு கணக்கு உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. இது ஜானட்டுக்கு அத்துப்படி. எண்ணாமல் அவள் எதையும் வாங்கியதில்லை.

அதனால் அவன் எண்ணவில்லை. ஸ்பிரிங் பட்டைக்கு மேடை வெல்டு பண்ணி, பிரேக் குழாயை மாற்றி, ஸ்டியரிங் கம்பியை நசீரின் லேத்தில் கடைந்து எல்லாம் முடித்தான். ஆறுநாளில் முடிகிற வேலையை இரண்டு வாரத்துக்கு இழுத்தான். கடைசியில் இழுக்க ஒன்றும் மிச்சமில்லாமல்போய், சும்மா பினியனைக் கையால் சுற்றிப் பார்த்தான். சுற்று கூடுதலாக வந்தது. மறுபடி எண்ணினான். பின்பக்கத்தையும் ஜாக்கி போட்டுத் தூக்கி எண்ணினான்.

கணக்கு ஒன்றாக இல்லை.

முதலில் அவனுக்கு வந்தது சந்தோஷம்தான், மறைக்க என்ன இருக்கிறது. வண்டிக்கடியில் படுத்தபடியே பல்லைக் காட்டிச் சிரித்தான். ஒரு டூர் சீசன் போச்சு! சரியான செட்டைத் தேடிப்பிடிக்க எத்தனையோ மாதமாகும், அதுவரை அவள் இங்கேதான். உடனே போன் போட்டான்.

"ஜானட்டு, ரேஷியோ வேறயா கீது."

அந்தப் பக்கம் கிரேன் இரைச்சல்.

"அப்டியா?"

"யார்டுல வேற கெடந்துதா?"

"இல்ல, அது ஒண்ணுதான்."

"அப்ப தேடணும். டில்லி பக்கம் சொல்லி வெச்சாதான் கெடைக்கும். மாசக்கணக்காவும்."

"பரவால்ல பீமு. இந்த சீசன் வரலன்னு கம்பெனியாண்ட சொல்லிடறேன். நீ ஒண்ணும் பேஜார் பண்ணிக்காத. இன்னா, போனா போவுது."

குரல் லேசாக இருந்தது. சிரிக்கிற மாதிரிகூட இருந்தது. வேறு எவனாவது கேட்டிருந்தால் அந்தச் சிரிப்பைச் சிரிப்பாகவே எடுத்துக்கொண்டிருப்பான். பீம்ராவுக்கோ அவள் அழுகையை அடக்கிக்கொண்டு பேசுவதாகப் பட்டது. நாலைந்து வருஷம் அவள் வண்டியின் ஒவ்வொரு முனகலையும் சரியாகக் கண்டுபிடித்த காது, அவளுடைய குரலில் கோட்டை விட்டது.

அவ்வளவுதான், வந்த சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. அவள் ஏமாந்ததில் தான் சிரித்தோமே என்று கூசிப்போனான்.

நசீரிடம் சொன்னபோது அவன் மெஷினை நிறுத்திவிட்டு வந்தான்.

"அந்தப் பொண்ணு எண்ணாம எடுத்தாந்துச்சா?"

"அவசரத்துல வுட்டுட்டுகீது."

"அதுவா? ஒரு வாஷர் வாங்கினாலே நாலு வாட்டி அளக்குமே."

"மனுசன்னா தப்பு நடக்காதா?" என்று பீம்ராவ் எரிந்து விழுந்தான். அவளைப் பற்றி ஒரு சொல் பொறுக்க மாட்டான்.

ஷெட்டின் பின்னால் தார்ப்பாய்க்கடியில் பீம்ராவின் சொந்த வண்டி நின்றது. அதுவும் பட்டாளத்து வண்டிதான். ஓட்டியதில்லை. ஒருநாள் அதைச் சரிபண்ணி, ஜானட்டின் ஜீப்புக்குப் பின்னாலேயே மணலில் இறக்க வேண்டும் என்பது அவன் வைத்திருந்த ஒரே திட்டம். உப்புக் காற்றில் ஹவுசிங்கெல்லாம் அரித்திருந்தது. உள்ளே கிரவுன் சக்கரமும் பினியனும் மட்டும் எண்ணெயில் ஊறி, ஒரு பல் தேயாமல் பளபளவென்று இருந்தன. கணக்கும் ஜானட்டின் பின் ஆக்ஸிலோடு அச்சாக ஒத்துப்போனது.

"கழட்டாதடா, அப்பால உன் வண்டி எந்திரிக்கவே எந்திரிக்காது" என்றான் நசீர்.

பீம்ராவ் கழற்றினான். அவள் வண்டியில் மாற்றும்போது ஒவ்வொரு பல்லிலும் நீலச் சாயம் தடவிச் சுற்றிப் பார்த்தான். தடம் நடுவில் விழுகிறவரை இடைவெளியைச் சரிக்கட்டும் ஷிம் தகட்டை மாற்றி மாற்றி வைத்தான். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. அவ்வளவு அக்கறையாக அவன் எந்த வேலையும் செய்ததில்லை. நெஞ்சு வலிக்க வலிக்கச் செய்தான். அந்த மலையில் எங்கும் அவள் நடுவழியில் நின்றுவிடக் கூடாது, அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. முடிந்ததும் போன் செய்து, "ரெடி. வந்து எடுத்துக்க" என்றான். எப்படி என்று அவள் கேட்டாள். வந்து பார் என்று வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜானட் வந்தாள். தார்ப்பாய் விலகிய வண்டியையும், அதன் அடியில் பிளந்து கிடந்த ஹவுசிங்கையும் பார்த்தாள். சாவியை வாங்கிக்கொண்டு, "ஏறு, மணல்ல பாத்துடலாம்" என்றாள்.

எண்ணூரில் அனல் மின்நிலையத்துச் சாம்பல் படிந்த முகத்துவாரத்தைத் தாண்டி மணல் தொடங்குகிறது. ஜானட் நாலு சக்கரத்துக்கும் ஓட்டம் கொடுத்து வண்டியை இறக்கினாள். மேட்டில் ஏற்றினாள், வேண்டுமென்றே புதைய விட்டாள், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வெளியே எடுத்தாள். போன மாதம் முறிந்த அதே இடத்தில் ஜீப் இழுத்துக்கொண்டு ஏறியது. பீம்ராவுக்குப் பெருமையாகவும் இருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது.

மேட்டின் உச்சியில் அவள் எஞ்சினை அணைத்தாள். எதிரே கடலில் நிலக்கரிக் கப்பல்கள் வரிசையாக நின்றன.

"நல்லா கீது பீமு."

"ம்."

"யார்டுல ரெண்டு கெடந்துச்சு" என்றாள் கடலைப் பார்த்தபடி. "பக்கத்துல பக்கத்துல. நான் ரெண்டையும் எண்ணினேன். சரியானத அங்கியே வுட்டுட்டு இத்த எடுத்தாந்தேன்."

பீம்ராவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது உடம்பெல்லாம் சூடேறியது.

"நீ எண்ணிப் பாப்ப, ரேஷியோ தப்புன்னு சொல்லுவ, சரி அப்ப இங்கியே இருந்துடுன்னு சொல்லுவன்னு நெனச்சேன். நீ இன்னாடான்னா உன் வண்டிய அறுத்து எனக்கு வழி பண்ணிக் குடுத்துட்ட." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "இன்னிக்குக் காத்தால கம்பெனியாண்ட வரேன்னு சொல்லிட்டேன்."

சொல்ல வேண்டியதெல்லாம் அவன் தொண்டைவரை வந்தது. அந்தச் சொற்களை வா வா என்று இழுத்துப் பார்த்தான். கடைசியில் வெளியே வந்தது இதுதான்.

"இறக்கி ஏத்தின செட்டு. ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்னதும் ஆயில் மாத்திடணும்."

ஜானட் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"எங்க மாத்தறது?"

"எங்க வேணா மாத்தலாம்" என்றான் பீம்ராவ். "சின்ன வேலதான்."

அவள் தலையாட்டினாள். வண்டியைக் கிளப்பி மணலிலிருந்து தார்ச்சாலைக்கு ஏற்றினாள். "ஷெட்டாண்ட எறக்கி வுட்டுட்டு, வூட்ல பைய எடுத்துகினு அப்டியே அருணாசலத்துக்குக் கெளம்பறேன்" என்றாள்.

கன்டெய்னர் லாரிகளின் வரிசையை ஒட்டி ஜீப் திருவொற்றியூரைப் பார்த்து ஓடியது. பீம்ராவ் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன் ஆக்ஸிலையே கேட்டுக்கொண்டு வந்தான். ஒரு முனகல், ஒரு சின்ன 'டக்', எதுவாவது வந்தால் போதும், நிறுத்து என்று சொல்லிவிடலாம். ஷெட் வரும்வரை ஒரு சத்தமும் வரவில்லை.