வெர்லின் அணைக்காத எஞ்சின்

என் 1969ஆம் ஆண்டு ஷெவெல் காரின் எட்டு சிலிண்டர் எஞ்சின், கொசு மருந்து வண்டிபோல் நீலப் புகை கக்கியது. பிரித்துச் சீர்செய்ய எனக்கு ஆசை, துணிச்சல்தான் இல்லை. புது எஞ்சின் மாற்றுவதையே தொழிலாகக் கொண்ட டொலிடோ நகர நண்பன் வெர்லினை என் கார் கொட்டகைக்கு அழைத்தேன்.

"கிழட்டு இரும்புடா. சாயங்காலத்துக்குள்ள தூக்கிடுறேன்."

பழைய ஆயில் சூடானால்தான் முழுதாக வடியும் என்று எஞ்சினை ஓடவிட்டான். சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்கள் கிணுகிணுத்தன, கூடவே என் பற்களும். ஆயில் எப்போதோ சூடாகிவிட்டது. வெர்லின் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தபடியே நின்றான்.

"போதும், அணைடா."

"வாய மூடு. கேக்குறேன்ல?"

ஒருவழியாக அணைத்தான். "இதத் தூக்கி எறிய வேற ஆளப் பாரு. பிஸ்டன் ரிங்தான் தேஞ்சிருக்கு, உள்ள சிங்கம்டா! பிரிச்சு சரிபண்ணுவோம். ஆனா நீ ஒரு ஸ்பேனரக்கூடத் தொடக் கூடாது."

அந்த நிபந்தனையில் எனக்கும் எஞ்சினுக்கும் ஒருசேர உயிர் வந்தது.