டம்ளரின் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி

"யாரு குடிச்சா இதுல?"

மாமியார் அந்த எவர்சில்வர் டம்ளரை இரண்டே விரலால் பிடித்து, எல்லோருக்கும் தெரியும்படி தலைகீழாகக் காட்டினாள். அடியில் சிவப்பாக ஒரு புள்ளி. மூத்த மருமகளுக்கு மார்பில் புற்றுக்கட்டி என்று மருந்து ஏற்றத் தொடங்கியபின் வைத்த அடையாளம். அதையும் எதைக்கொண்டு வைத்தாள்? மருந்தில் நகமெல்லாம் கறுத்துப்போய் மூத்தவள் தொடாமல் விட்ட நெயில் பாலிஷ் இருந்ததே, அதைக்கொண்டுதான்.

"நான்தான் பாட்டி," என்றது மூத்தவளின் ஐந்து வயது மகள். "அம்மா டம்ளர்தானே?"

ஓங்கிய கை பாதியில் நின்றது. வாய் நிற்கவில்லை; மூத்தவள் பக்கம் திரும்பியது.

"ஞாயித்துக்கிழமை உங்க அண்ணன் வந்து உன்னைக் கூட்டிட்டுப் போகட்டும். பொண்ணு இங்கயே இருக்கட்டும். உனக்குச் சரியானதும் வா."

மூத்தவளின் கணவன் வாசலில் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தான். ஒரு வாரை மாட்ட அவ்வளவு நேரமா ஆகும்!

இளைய மருமகளுக்கு அந்த வீட்டில் 'லேப்காரி' என்று பெயர். அவள் வேலை பார்ப்பது கட்டிகளை ஆராயும் கூடத்தில். இது ஒட்டிக்கொள்கிற நோயில்லை என்று ஆரம்பத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "நீ ஏன் சொல்ல மாட்டே? தினம் அதைத்தானே தொட்டுட்டு வர்றே. நீ வேலைக்குச் சேர்ந்த வருசந்தானே இவளுக்கு வந்துச்சு?" என்றாள் மாமியார். அன்றிலிருந்து லேப்காரியின் கைப்பைக்கும் வாசலிலேயே சோதனை. அவளும் வாயைக் கட்டிக்கொண்டாள்.

இன்றும் மூத்தவளின் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னாள். "விடுங்கக்கா. பெரியவங்ககிட்ட எதுக்குச் சண்டை?"

மூத்தவள் ஏறிட்டுப் பார்த்தாள். "நீ நல்லவதான்," என்றாள். அது பாராட்டு இல்லை என்று லேப்காரிக்குத் தெரியும்.

ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை இதுதான்: மெழுகில் புதைத்த கட்டியைத் தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவது. அதற்கு ஒரு சாயம் ஏற்றிப் படம் பிடிப்பது, கழுவுவது, அதே சீவலுக்கு அடுத்த சாயம். இப்படி முப்பது சாயம். ஒவ்வொன்றும் ஒரு வகை உயிரணுவை மட்டும் பிடித்துக்கொண்டு மின்னும். கடைசியில் எல்லாப் படத்தையும் கணினி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், கட்டிக்குள் யார் யார், யாருக்குப் பக்கத்தில் யார் என்று ஊர்ப்படம் மாதிரி தெரியும்.

அன்று பெரிய டாக்டரம்மா திரையைக் காட்டினார். "பச்சையா இருக்கே, அதெல்லாம் கட்டியை அழிக்கிற போர்வீரங்க. எவ்வளவு பேர் பாரு! எல்லாரும் வெளியவே நிக்கறாங்க."

"உள்ள விடாம யாரு மேடம் தடுக்கறது? அந்த மஞ்சளா? எதிரியா அது?"

"எதிரியா? நம்ம உடம்போட ஆளுதான். சண்டை பெருசாகாம அடக்கி வைக்கிறதுதான் அதுக்கு வேலை. ரொம்ப நல்ல அணு. கட்டிக்கும் அதைத்தான் பிடிக்குது."

லேப்காரி அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூத்தவள் சொன்ன 'நீ நல்லவதான்' காதில் சுட்டது. அந்தக் கலக்கத்தில் அடுத்த தகட்டில் கை தவறிவிட்டது. சாயம் கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க முதலில் ஒரு கரைசல் பூசவேண்டும், அதை மறந்துவிட்டாள். படம் வந்தபோது ஒன்றுவிடாமல் எல்லா அணுவும் சிவப்பாக ஜொலித்தது.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "போச்சு போ. எல்லாத்துலயும் அடையாளம் விழுந்துட்டா, அப்புறம் அது என்ன அடையாளம்? தூக்கிப் போடு."

சனிக்கிழமை சாயங்காலம் மாமியார் கடைக்குப் போயிருந்தாள். லேப்காரி சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வீட்டிலிருந்த பதினொரு டம்ளரையும் கவிழ்த்து வைத்தாள். நெயில் பாலிஷைத் திறந்து ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு புள்ளி வைத்தாள். மாமியார் டீ குடிக்கும் டம்ளருக்குச் சற்றுத் தாராளமாகவே வைத்தாள்.

ஞாயிறு காலை மாமியார் ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். வைத்துவிட்டு இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

"எவ வேலை இது?"

"நான்தான் அத்தை." குரல் உயரவில்லை. நடுங்கவும் இல்லை.

"அவளோடது எது?"

"தெரியல அத்தை. கலந்து கழுவி அடுக்கிட்டேன்."

மூத்தவள் அறை வாசலில் நின்று பார்த்தாள். கட்டிவைத்த பை காலடியில் இருந்தது. கைக்கு வந்த ஒரு டம்ளரை எடுத்துத் தண்ணீர் மொண்டு குடித்தாள். மிச்சத்தை மகளிடம் நீட்டினாள். பிறகு ஃபோனை எடுத்தாள். "அண்ணே, நீ வர வேண்டாம். இல்ல, ஒண்ணும் இல்ல. நான் இங்கதான் இருக்கேன்."

அவள் கணவன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அதன் அடியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டு குடித்தான்.

மத்தியானம்வரை மாமியார் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெயில் ஏறியதும் பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். இடுப்பை வளைத்து, இரண்டு கையையும் குவித்து ஏந்தி, முழங்கை வழியாக ஒழுக ஒழுகக் குடித்தாள். அந்த வீட்டில் ஒதுங்கி நின்று குடிக்க ஆள் வேண்டியிருந்தது. அன்று அவளே கிடைத்தாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது லேப்காரி எதிரே நின்றாள்.

"நாளைக்கே எனக்குன்னு புதுசா ஒண்ணு வாங்கிக்கிறேன்," என்றாள் மாமியார்.

"வாங்குங்க அத்தை. பாலிஷ் பாட்டில்ல இன்னும் பாதி இருக்கு."