முந்தி மூலையில் மாப்பிள்ளை பேர்

துர்காதேவி அன்றைக்குக் காலையிலிருந்து பத்துத் தடவை வாசலை எட்டிப் பார்த்துவிட்டாள். சொந்தமாக டிசைன் போட்ட முதல் முகூர்த்தச் சேலை அல்லவா? பத்து மணிக்குப் பெண் வீட்டார் வருவார்கள். பார்த்துவிட்டு "நல்லா இருக்குது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பட்டு நெய்கிற பிள்ளையார்பாளையத்தில் அவளுக்கும் டிசைனர் என்று ஒரு பேர் வந்துவிடும். முகத்தைச் சுளித்தார்கள் என்றால் அவ்வளவுதான், கடையைக் கட்ட வேண்டியதுதான். ஏழு வருஷம் இன்னொருவர் கடையில் உட்கார்ந்து சேலைக்குப் படம் போட்டவள் அவள். போன தை மாதம் அந்த வேலையை உதறிவிட்டு, வீட்டு முன்னறையில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் வைத்து உட்கார்ந்தாள். தெருவில் பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், மீதிப் பேர் பொத்தாமலே சிரித்தார்கள்.

கல்யாணப் பெண் யாரென்றால் திரிஷா. பக்கத்துத் தாமல் ஊர்க்காரி. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை. துர்காவின் பழைய கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுத்ததே அவள்தான். அப்போது ஆரம்பித்த சிநேகிதம், முகூர்த்தச் சேலைக்கு டிசைன் போடும் ஆர்டராக வந்து நின்றது.

உயிர் கொடுத்த அன்றைக்கே ஒரு யோசனையும் கொடுத்திருந்தாள் திரிஷா.

"ஒரிஜினல் லைசென்ஸ்லாம் எதுக்குக்கா தண்டத்துக்கு? நான் சும்மாவே விண்டோஸ் ஏத்தித் தரேன். மூலையில சாம்பல் கலர்ல ரெண்டு வரி எழுத்து வந்துக்கினு இருக்கும். ஆக்டிவேட் பண்ணு, ஆக்டிவேட் பண்ணுன்னு. அது பாட்டுக்குக் கத்திக்கினு இருக்கட்டும். நீங்க கண்டுக்காதீங்க."

துர்காவும் கண்டுகொள்ளவில்லை. சுவரில் இருக்கும் பல்லியை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? ஒரு மாதத்தில் அந்த எழுத்து இருப்பதே அவளுக்கு மறந்துபோனது.

ஒன்பது மணிக்குச் சேலையோடு வந்தார் வீரபாகு. முப்பது வருஷமாகத் தறியில் உட்கார்ந்தவர், துர்காவை நம்பி அவள் படத்தை முதலில் தறியேற்றிய மனுஷர். முகமெல்லாம் பல்லாக நின்றார்.

"காலையிலதாம்மா தறியில இருந்து அறுத்தேன். முந்தி பிரமாதமா வந்துக்கீது. அதுவும் நீ சொல்லாம கொள்ளாம பேரு வேற போட்டுட்ட பாரு, அங்கதான் நீ நிக்கற!"

"எந்தப் பேருண்ணா?"

"இன்னாம்மா, என்னையே கேக்கற? மாப்பிள்ளை பொண்ணு பேருதான். மேல பெருசா ரெண்டு பேரு. கீழ சின்னதா நீட்டமா ஒரு வரி, மண்டபம், ஊரு, அதுலாம். இப்ப எல்லாரும் முந்தியில இங்கிலீஷ்ல பேரு நெய்யச் சொல்றாங்கல்ல? எனக்கு எழுத்து தெரியும், கூட்டிப் படிக்கத்தான் வராது."

துர்கா முந்தியை விரித்தாள். அரக்குச் சிவப்பில் அன்னம் வரிசை, அதன் கீழே யாளி வரிசை, எல்லாம் அவள் கம்ப்யூட்டரில் போட்டது போட்டபடி இருந்தது. கடைசி யாளியின் காலடியில், சுத்தமான ஜரிகையில், கொட்டை இங்கிலீஷ் எழுத்தில், "ஆக்டிவேட் விண்டோஸ்". அதற்குக் கீழே பொடி எழுத்தில், செட்டிங்ஸுக்குப் போய் ஆக்டிவேட் செய்துகொள்ளும்படி கல்யாணப் பெண்ணுக்கு ஒரு புத்திமதி.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததில் விக்கல் எடுத்தது.

நடந்தது இதுதான். முந்தி பெரிய படம். சேமிக்கப் போனால் கம்ப்யூட்டர் திணறியது. அவசரத்தில் அவள் திரையை அப்படியே படம் பிடித்து, டிசைனைப் பார்த்துத் தறிக்கு அட்டையில் ஓட்டை குத்துகிறவருக்கு அனுப்பிவிட்டாள். மூலையில் இருந்த எழுத்தும் படத்தோடு சவாரி போயிருக்கிறது. அட்டை குத்துகிறவர் அதைப் பெண் மாப்பிள்ளை பேர் என்று நினைத்து ஒழுங்காகக் குத்தினார். வீரபாகு அதே நினைப்பில் ஒரு இழை பிசகாமல் நெய்தார். ஆளாளுக்கு அவரவர் வேலையை இவ்வளவு அக்கறையாகச் செய்தால் மனுஷி எங்கே போய் முட்டிக்கொள்வாள்?

விஷயத்தைச் சொன்னதும் வீரபாகு முந்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப மாப்பிள்ளை பேரு இன்னா?"

"கமல்ண்ணா."

"மூணே எழுத்தா? அப்பவே நெனச்சேன், இவ்ளோ நீட்டமா இருக்குதேன்னு."

கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. வேறு நெய்ய நேரமில்லை. ஜரிகையைப் பிடுங்கினால் பட்டில் தழும்பு தெரியும். துர்கா சேலையை அந்த மூலை உள்ளே போகும்படி மடித்தாள். திருப்தியில்லாமல் இன்னொரு மடிப்பு மடித்தாள். காமாட்சியம்மனுக்கு நூற்றெட்டுச் சுற்று சுற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது.

முதலில் இறங்கியது திரிஷாவின் அம்மா பொன்னியம்மாள். தாமல் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். ஒரு மூட்டை அரிசியில் ஒரு கல் இருந்தாலும் மூட்டையைப் பிரிக்காமலே சொல்லிவிடுவார் என்று ஊரில் பேச்சு. பின்னால் திரிஷா, கல்யாணக் களையோடு, காதில் போனோடு.

பொன்னியம்மாள் பாயில் உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், சேலையைக் கையில் வாங்கினார். சேலையின் உடம்பைத் தடவிப் பார்த்தார். கரையைத் திருப்பிப் பார்த்தார். "ம்" என்றார். அந்த ஒரு "ம்"முக்குத் துர்கா அரையடி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அந்தக் கை முந்தியை நோக்கிப் போனதும் அதே அரையடி பின்னால் போனாள்.

"இத எதுக்கும்மா இத்தினி மடிப்பு மடிச்சிக்கீற?"

"முந்தி பத்திரமா இருக்கட்டும்னும்மா..."

பொன்னியம்மாள் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். அன்னம் வந்தது. யாளி வந்தது. எழுத்தும் வந்தது.

"இது இன்னா எழுத்து? பேரா? நாங்க பேரு கேக்கலியே. மாப்பிள்ளை பேரு 'கே'வுல ஆரம்பிக்கணும், இது 'ஏ'வுல ஆரம்பிக்குது. யாரு பேரு இது?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் துர்காவுக்குத் தோன்றத்தான் தோன்றியது. ஆனால் என்ன பொய்யைச் சொல்வது? அப்படி ஒரு பேரில் உலகத்தில் எந்த மாப்பிள்ளையும் கிடையாதே! தப்பு தன்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் திரிஷா எட்டிப் பார்த்துவிட்டாள்.

ஒரு தடவை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள். காதிலிருந்த போனில் "ஹலோ ஹலோ" என்று கமல் கத்திக்கொண்டிருக்க, அவள் சுவரில் சாய்ந்து, அப்படியே சறுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, கால் உதறி ஒரு சிரிப்பு.

"அக்கா... அது... என் முகூர்த்தச் சேலையில..."

"மன்னிச்சிடு திரிஷா. படத்தோட வந்துடுச்சி. நான் கவனிக்கல. தப்பு என்னோடதுதான்."

பொன்னியம்மாளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "சிரிக்கறத நிறுத்திட்டுச் சொல்லுடி" என்றார். திரிஷா விக்கி விக்கிச் சொன்னாள். திருட்டுக் காப்பி, மூலை எழுத்து, கண்டுக்காதீங்க என்று தான் சொன்னது, எல்லாம் வெளியே வந்தது.

பொன்னியம்மாள் மகளைப் பார்த்தார். முந்தியைப் பார்த்தார். கம்ப்யூட்டர் திரையின் மூலையையும் எழுந்து போய் ஒரு முறை பார்த்துவிட்டு வந்தார்.

"அப்ப இத ஏத்துனது நீ."

"ஆமாம்மா."

"கண்டுக்காதன்னு சொன்னதும் நீ."

"ஆமாம்மா."

"அப்ப கட்டிக்கோ. இதத்தான் நீ கட்டுவ. ஊருக்கெல்லாம் திருட்டுச் சாமான் ஏத்திக் குடுத்தல்ல? உன் தோள்லயே ஏறிக்கிச்சி." சொல்லிவிட்டுத்தான் பொன்னியம்மாள் சிரித்தார். மூட்டை மூட்டையாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு. துர்காவுக்கு அந்தக் கிழிந்த பாயில் அப்படியே விழுந்து அவர் காலைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம்.

"மொதல்ல இவங்க கம்ப்யூட்டர் பெட்டிய ஒழுங்கு பண்ணு. உன் காசுல. இப்பவே. நான் பாக்கறேன்."

திரிஷா சமர்த்தாகப் போனிலேயே ஒரிஜினல் லைசென்ஸ் வாங்கினாள். மெயிலில் இருபத்தைந்து எழுத்து வந்தது, ஐந்து ஐந்தாக, நடுவில் கோடு போட்டு. அவள் சிரிப்பில் வரிசையைத் தவற விட்டுக்கொண்டே இருந்ததால் போன் வீரபாகுவிடம் போனது. டிசைன் தாளைக் கட்டம் கட்டமாகப் படிப்பதில் அவரை அடிச்சுக்க ஆளில்லை என்று துர்காவே சிபாரிசு செய்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, துர்கா தட்டிக்கொண்டே போனாள்.

பாதியிலேயே திரையில் இருந்த கட்டம் நிரம்பிவிட்டது. வீரபாகு இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். என்டரைத் தட்டினால், இந்த கீ செல்லாது என்று வந்தது.

"இதுவும் டூப்ளிகேட்டா?" என்று பொன்னியம்மாள் இடுப்பில் கை வைத்தார்.

துர்கா தட்டியதைப் பார்த்தாள். ஐந்து எழுத்து, அதே ஐந்து தலைகீழாக, அடுத்த ஐந்து, அதுவும் தலைகீழாக.

"அண்ணா! ஏன் திரும்பி வந்தீங்க?"

"கரையில ஒரு பூ படிச்சா, போன வழியே திரும்பணும்ல? அப்பதானே ரெண்டு பக்கமும் ஒண்ணா வரும்?" என்றார் வீரபாகு, நியாயம் தன் பக்கம் இருக்கும் மனிதரின் தெளிவோடு.

திரிஷா மறுபடியும் தரையில் உருண்டாள். பொன்னியம்மாள் போனைப் பிடுங்கினார். வருகைப் பதிவேட்டில் பிள்ளைகள் பேரைப் படிக்கிற குரலில் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். துர்கா "வந்துச்சிம்மா" என்று சொன்ன பிறகுதான் அடுத்த எழுத்துக்குப் போனார். இருபத்தைந்தும் ஆஜர். என்டர்.

திரையில் ஒரு வட்டம் சுற்றியது. நாலு பேரும் திரைக்கு முன்னால் தலையை நீட்டினார்கள். ஆக்டிவேட் ஆகிவிட்டது என்று பச்சை டிக்கோடு வந்தது. வலது மூலையில் எட்டு மாதமாகக் கத்திக்கொண்டிருந்த இரண்டு வரியும் காணாமல் போயின. துர்கா அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"அடடா," என்றார் வீரபாகு மெய்யான வருத்தத்தோடு. "மாப்பிள்ளை பேரு போயிடுச்சே."

"எங்க போச்சி? இதோ இருக்குதே." பொன்னியம்மாள் அந்த மூலை மேலே தெரியும்படி சேலையை மடித்துப் பையில் வைத்தார். வாசல் வரை போனவர், ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பினார்.

"துர்கா, தை மாசம் என் தங்கச்சி பொண்ணுக்குக் கல்யாணம். டிசைன் நீதான் போடற. அன்னம் இருக்கட்டும், யாளி இருக்கட்டும்." ஆட்டோவில் ஒரு காலை வைத்துக்கொண்டு முடித்தார். "எழுத்து மட்டும் வேணாம்மா."