மூன்றாம் மாடியில் கால் அறை

அலுவலகத்தில் அவனுக்கு 'ஆனாலும்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. அரசாங்கத்தின் கொள்கைகள் பலித்தனவா என்று பார்த்துச் சொல்லும் மதிப்பீட்டுப் பிரிவில் அவன் மூத்த ஆய்வாளன். பலிக்கவில்லை என்று எழுதினால் மேலே இருப்பவர்களுக்கு நெஞ்சு வலிக்கும். பலித்தது என்று எழுதினால் அவனுக்கே சிரிப்பு வரும். ஆகவே, 'திட்டம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஆனாலும் விழிப்புணர்வு பெருகியிருக்கிறது' என்று எழுதுவான். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிப்போன இயக்குநர்கள் உண்டு.

இந்த முறை அவன் மேசைக்கு வந்தது தேசிய நீரிழிவுக் கொள்கை. அட்டையில் ஒரு குடும்பம் சூரியனைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது, ஒருவருக்கும் வியர்க்கவில்லை. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் மூச்சு வாங்கியது. இனிப்புப் பானங்களுக்கு வரி என்றிருந்தார்கள். பானக்காரர்கள் போய் அழுதார்கள். கடைசியில் யாருமே தயாரிக்காத அளவு பாட்டிலுக்கு மட்டும் வரி மிஞ்சியது. பள்ளிகளுக்கு மைதானம் என்றிருந்தார்கள். இடம் கிடைக்காததால் சுவரில் மைதானம் வரைந்தார்கள். படம் நன்றாக வந்திருந்தது, புல்கூடப் பச்சையாக இருந்தது.

உருப்படியாகத் தேறியது ஒன்றுதான்: மாடிப்படி இயக்கம். எல்லா அரசுக் கட்டடங்களிலும் லிஃப்டைப் பூட்டிவிட்டார்கள். பூட்டிய பிறகு படியேறுகிறவர்கள் கூடியிருக்கிறார்களா என்று கணக்கெடுத்ததில், கூடியிருந்தார்கள். இயக்குநர் இதைக் கேட்டுக் கண் கலங்கினார். அவருடைய அறை அதற்கு முந்தைய வாரமே தரைத்தளத்துக்கு வந்துவிட்டது, அது தற்செயல். படிகளில் எழுதுவதற்கு வாசகம் தேர்ந்தெடுத்த குழுவில் 'ஆனாலும்' இருந்தான். 'உங்கள் கால்களே உங்கள் மருத்துவர்' என்பது அவன் சொன்னது.

இரண்டாவது வெற்றி, யாரும் எதிர்பாராதது. பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் சர்க்கரைக்காரர்களின் கால் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட 'கால் அறை' என்று ஒன்று உண்டு. அங்கே வருகிறவர்கள் பாதியாகக் குறைந்திருந்தார்கள்.

"புண்ணே வரலைன்னு அர்த்தம்!" என்றார் இயக்குநர். "பாத்தியா, ஜனங்க நடக்க ஆரம்பிச்சதும் கால் தேறிடுச்சு. இனி அந்த அறை எதுக்கு? மூடிட்டு, நர்ஸை விழிப்புணர்வுக்கு மாத்துன்னு எழுது."

எழுதினான். வாழ்க்கையில் முதல் தடவையாக 'ஆனாலும்' போடாமல் எழுதினான். இயக்குநர் முதுகில் தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கடைக்குப் போனான். அக்காவுக்கு ஜெராக்ஸ் கடை. சர்க்கரைக்காரி, அத்தான் போன பிறகு தனியாக நடத்துகிறாள். காலையிலிருந்து மாலை வரை மெஷின் பக்கத்தில் நிற்பாள். உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. அன்றைக்கு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் செருப்பு, மறுகாலில் துணிக்கட்டு. மையின் வாசனைக்கு மேல் வேறொரு வாசனை.

"என்னக்கா இது?"

"கால்டா. பாத்ததில்லையா?"

"கட்டு எதுக்கு?"

"செருப்பு கடிச்சுது. செருப்பு மறந்துடுச்சு, கால் மறக்கல." சிரித்தாள். அவன் குனிந்து கட்டை விலக்கியதும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். பெருவிரல் கறுத்திருந்தது. தொட்டான். அவன் தொட்டது அவளுக்குத் தெரியவில்லை.

"ஆஸ்பத்திரியில கால் அறை இருக்கே, அங்க போகலையா?"

"போயிட்டுத்தான் இருந்தேன். மூணாவது மாடிடா அது. லிஃப்டைப் பூட்டிட்டானுங்க. ஏதோ ஆரோக்கியமாம். ரெண்டு தடவை ஏறினேன், புண்ணு பிளந்துடுச்சு. வீட்டிலயே துணி கட்டிக்கிறேன்னு விட்டுட்டேன்."

அவன் கட்டை மறுபடி சுற்றினான். கால் அறைக்கு வருகிறவர்கள் பாதியாகிவிட்டார்கள் என்ற கணக்கும், அதற்கு முதுகில் விழுந்த தட்டும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. வராமல் போனது புண் அல்ல, புண்ணை வைத்திருந்தவர்கள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். லிஃப்ட் கதவில் பூட்டுத் தொங்கியது. அதன் மேல் சூரியனைப் பார்த்து ஓடும் குடும்பம். சாவி காவலாளியிடம் இருந்தது.

"திறக்க முடியாது சார். மேலிடத்து உத்தரவு."

"நான் அந்த மேலிடத்திலதான் வேலை பாக்கறேன்."

"அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே சார்."

அக்கா பின்பக்கமாக உட்கார்ந்து, கைகளை ஊன்றி, ஒவ்வொரு படியாகத் தன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறினாள். அவன் தூக்குகிறேன் என்றதற்கு, "உன் முதுகு போனா அதுக்கு எந்த மாடிடா?" என்றாள். முதல் திருப்பத்தில் கட்டுக் காலை நீட்டி ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். போகிறாரா வருகிறாரா என்று கேட்டான். "அதான் யோசிச்சிட்டிருக்கேன்" என்றார்.

இரண்டாவது திருப்பத்தில் அக்கா மூச்சு வாங்க நின்றாள். எதிர்ப் படியில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "கால்களே மருத்துவராம். எந்த மூதேவிடா எழுதினது?"

"ஏதோ குழுவா இருக்கும்" என்றான் அவன்.

மேலே நர்ஸ் கழுவினாள், வெட்டினாள், கட்டினாள். "விரல் போகலாம். தினம் வந்து கட்டு மாத்தினா பாதத்தையாவது காப்பாத்தலாம். விட்டுட்டா கால் போயிடும்" என்றாள்.

"தினமுமா? இந்தப் படியிலயா?" என்றாள் அக்கா.

"லிஃப்டைத் திறக்க வைக்கிறேன்" என்றான் அவன். "இந்த வாரத்துக்குள்ள."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கவர்ன்மென்ட்டுடா" என்றாள், குழந்தைக்குச் சொல்வதுபோல.

இயக்குநர் அவன் சொன்னதை முழுக்கக் கேட்டார். மனம் இளகியவர்தான், அடிக்கடி இளகி மறுபடி இறுகிக்கொள்வார். "அக்காவுக்கா? அடடா. ஆனா லிஃப்டைத் திறந்தா நம்ம ரெண்டு வெற்றியும் போச்சேப்பா. அறிக்கை அச்சுக்குப் போயாச்சு. விலக்குன்னு ஏதாவது கேளு, குழுவில வைக்கிறேன்."

குழு கூடியது. நடக்க முடியாதவர்களுக்கு விலக்கு என்று அவன் எழுதிக்கொண்டுபோன குறிப்பைக் குழு அன்போடு வரவேற்றது. பிறகு நடக்க முடியாதவர் என்றால் யார் என்று கேட்டது. ஒருவர், தனக்கும் முழங்கால் வலி உண்டு, தான் நடக்கவில்லையா என்றார். இன்னொருவர், மருத்துவச் சான்று என்று வைத்தால் ஊரே சான்றோடு வந்து நிற்கும் என்றார். புண் என்றால் எவ்வளவு ஆழம் என்று ஒரு பேராசிரியர் கேட்டார். ஆழத்துக்குத் துணைக்குழு அமைந்தது. தேநீர் வந்தது, போனது. சர்க்கரை இல்லாத தேநீர் என்று அறிவித்துவிட்டு, சர்க்கரையைத் தனியாக வைத்திருந்தார்கள்.

அக்கா அந்த வாரம் மூன்று நாள் பின்பக்கமாக ஏறினாள். நான்காம் நாள் உள்ளங்கை தோல் உரிந்துபோனதால் போகவில்லை. "கைக்கு எந்த மாடின்னு கேட்டுச் சொல்லு" என்று போனில் சொன்னாள். குழு இரண்டாம் முறை கூடியபோது அவளுக்குக் காய்ச்சல். மூன்றாம் முறை கூடியபோது அவன் களைத்துப்போயிருந்தான். எதையாவது வாங்கிக்கொண்டு எழுந்தால் போதும் என்றிருந்தது. யாரும் மறுக்க முடியாத வரையறை ஒன்றைச் சொல்லுங்கள் என்று பேராசிரியர் கேட்டபோது, அவன் வாயே அதைச் சொல்லிவிட்டது:

"கால் இல்லாதவர்கள்."

குழு ஒருமனதாக ஏற்றது. துல்லியமாக இருக்கிறது என்று பேராசிரியர் பாராட்டினார்.

உத்தரவு வெளிவந்த அன்று அக்கா தரைத்தளத்தில் அறுவை சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். அந்தப் பிரிவுக்குப் படியே கிடையாது. வாசலிலிருந்து நேராகத் தள்ளிக்கொண்டு போகலாம்.

கண் விழித்ததும் போர்வையின் தட்டையான பக்கத்தைப் பார்த்தாள். "ஒரு செருப்புச் செலவு மிச்சம்" என்றாள். அவன் சிரிக்கவில்லை.

சில மாதம் கழித்து மிஞ்சிய காலில் குதிகாலில் ஒரு கொப்புளம் வந்தது. இந்தத் தடவை மறைக்காமல் அன்றைக்கே சொன்னாள். சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனான். காவலாளி உத்தரவைச் சுவரில் ஒட்டியிருந்தான். அக்காவை ஒரு பார்வை பார்த்தான், பூட்டைத் திறந்தான், மரியாதையாக ஒதுங்கி நின்றான். லிஃப்ட் பளபளவென்று இருந்தது. அவனும் உள்ளே ஏறப்போனான்.

"நீங்க வரக்கூடாது சார். உங்களுக்கு ரெண்டும் இருக்கு."

"கூட வந்தவன்பா!"

"அது உத்தரவில இல்லையே சார். எழுதினவங்க விட்டுட்டாங்க."

"எழுதினது யாருன்னு அவனுக்குத் தெரியும், நீ மூடு" என்றாள் அக்கா. காவலாளி அவளோடு உள்ளே போனான். கதவு மூடியது.

அவன் படியில் ஓடினான். மூன்றாம் மாடிக்கு வந்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'கால் அறை' என்ற பலகை இருந்த இடத்தில் நான்கு ஆணி ஓட்டைகள். கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது: எடை பார்க்கும் மெஷின், நீரிழிவுக் கொள்கையின் அச்சுக் கட்டுகள், கூரை வரை. அவன் எழுதியதை வரிக்கு வரி நிறைவேற்றியிருந்தார்கள். அவனுடைய இத்தனை வருட வேலையில், உடனடியாக நடந்த பரிந்துரை அது ஒன்றுதான்.

"நர்ஸ் எங்க?" என்று காவலாளியிடம் கேட்டான்.

"பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போய்ப் பேசறாங்க சார். நல்லாப் பேசறாங்களாம்."

அக்கா குனிந்து குதிகாலைத் துணியால் மூடிக்கொண்டாள். "சரி. கீழ போலாம்" என்றாள். லிஃப்டுக்குள் போன பிறகு திரும்பி, "நீ மெதுவா வாடா. ஓடாத" என்றாள்.

அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். வாசகங்களைப் படிகளின் முன்பக்கத்தில்தான் எழுதியிருந்தார்கள். ஏறுகிறவர்களுக்கு மட்டும் தெரியும். இறங்கும்போது எல்லாம் வெறும் சிமெண்ட்.