முன்வரிசை நாற்காலி

லிஃப்ட் மெக்கானிக் அன்றைக்கும் முதல் வரிசையின் நடு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மகளின் காலி வயலின் பெட்டியை மடியில் வைத்து, அதன் மேல் விரலால் தட்டியபடி, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மேடையில் நின்ற மகள், கூட வாசிக்கிற நான்கு பேரையும் விட்டுவிட்டு அந்த உதட்டையே பார்த்து வில்லை இழுத்தாள். டிரம்ஸ் வாசிக்கிற பெண்ணுக்கு எல்லோரும் வைத்த பெயர் இடி. அவள் கொஞ்சம் வேகம் பிடித்ததும் மற்ற மூவரும் அவளோடு ஓடினார்கள். வயலின் மட்டும் அப்பாவோடு பின்னால் நடந்து வந்தது.

மிக்ஸருக்குப் பின்னால் நின்றிருந்த சவுண்டு அக்கா பெருமூச்சு விட்டாள். பதினேழு வருடமாக மேடை மேடையாக மைக்கும் ஸ்பீக்கரும் கட்டுகிறவள். நூலகத்து மாடியில் குடியிருப்போர் சங்கம் பிள்ளைகளுக்கு இலவசமாக இசை சொல்லிக்கொடுக்கிறது. வாத்தியம் சொல்லித்தர வேறு ஆட்கள் இருந்தார்கள். மேடையில் எப்படி ஏறுவது, எங்கே நிற்பது, காலில் வயர் சிக்கினால் என்ன செய்வது, தப்பு வந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது, இதற்கெல்லாம் எட்டு சனிக்கிழமைகளை அவளிடம் கொடுத்திருந்தார்கள். முதல் நாளிலிருந்து அவள் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னது ஒன்றுதான்: ஒருத்தரை ஒருத்தர் பாருங்கள்.

போன வாரம் அப்பா உட்பட எல்லோரும் கீழே இறங்கியபிறகு வயலின் பெண் வயர் சுற்றித் தருகிற சாக்கில் பின்தங்கி நின்றாள். "அக்கா, ஒண்ணு சொன்னா திட்டமாட்டீங்கல்ல?" என்று ஆரம்பித்து, சொல்ல மாட்டாமல் சொன்னாள். "அப்பா எதிர்ல இருந்தா அவரைத்தான் பாக்க வேண்டியிருக்கு. பாக்கலன்னா அவர் மொகம் சுண்டிப் போயிடுது. அவர் இல்லாம ஒரு தடவ வாசிச்சுப் பாக்கணும் போல இருக்கு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்கக்கா." பதினைந்து வயதுப் பெண். இதைச் சொல்வதற்குள் அவளுக்கு வேர்த்துவிட்டது.

மெக்கானிக்குக்குச் சங்கீதம் சுட்டுப்போட்டாலும் வராது. ஆறு வருடம் முன்னால், தாளம் நிற்கவில்லை என்று மகள் தினமும் அழுதபோது, மாஸ்டரிடம் கேட்டு எண்ணிக்கையை மட்டும் கற்றுக்கொண்டவர் அவர். லிஃப்ட் பள்ளத்துக்குள் இறங்கி வேலை செய்யும்போதுகூட எண்ணிக்கொண்டே இருப்பாராம். அவரைப் பார்த்து எப்படிச் சொல்வது? சவுண்டு அக்காவுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. ஒத்திகை பாதியில் நிற்கும்போது நேரே போய் நின்றாள்.

"அண்ணா, இனிமே பெத்தவங்க யாரும் ஒத்திகையில உட்கார வேண்டாம்னு வச்சிருக்கோம். நீங்க கீழ இருங்களேன்."

அந்த விதி அந்த நொடியில்தான் பிறந்தது. அதனால் கடைசி வரிசையில் போனில் மூழ்கியிருந்த கிடார் பையனின் அம்மாவையும் எழுப்பவேண்டி வந்தது. "நான் என்ன பாட்டா பாடினேன்?" என்று முனகிக்கொண்டே அவர் செருப்பைத் தேடினார்.

மெக்கானிக் எழுந்திருக்கவில்லை. "நான் என்னம்மா கெடுதல் பண்ணிட்டேன்? வாயத் திறந்து ஒரு வார்த்தை பேசினேனா?"

"பேசலண்ணா. ஆனா அவ உங்களையே பாக்குறா."

"பாக்கட்டுமே. அப்பனைத்தானே பாக்குறா?"

மகள் வயலினின் கட்டையைத் திருகிக்கொண்டு குனிந்தே நின்றாள். அவர் எழுந்து, பெட்டியைத் திறந்து மகளிடம் நீட்டினார். "வை. போலாம்." படியிறங்கும் சத்தம் கேட்டு ஓய்ந்ததும் இடி மெதுவாகக் கேட்டாள். "இனிமே வரமாட்டாளாக்கா?"

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. பிள்ளைகள் மேடையேறி வாசிக்க வேண்டிய பூங்கா நிகழ்ச்சிக்கு இன்னும் இரண்டே வாரம். வயலின் இல்லாத பாட்டு, பல் போன வாய் மாதிரி இருந்தது. உங்கள் பெண்தான் கேட்டாள் என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் பழி இறங்கிவிடும். சவுண்டு அக்கா போனில் அதைத் தட்டவும் செய்தாள். பிறகு, வேர்த்துப்போன அந்த முகம் நினைவுக்கு வந்து, எழுத்து எழுத்தாக அழித்தாள்.

புதன்கிழமை மத்தியானம் அவள் மாடியில் தனியாக ஒரு மைக் வயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது மெக்கானிக் வந்தார். வேலைச் சட்டையில் கிரீஸ் கறை. வாசல் பக்க நாற்காலியில் உட்கார்ந்து, அவள் வேலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஈயம் அதிகமா வைக்கிறீங்க."

"பழக்கமாயிடுச்சுண்ணா."

"அவதானே கேட்டா?"

"இல்ல. நான்தான் சொன்னேன்."

அவர் சிரித்தார். "உங்களுக்குப் பொய் சொல்ல வரலம்மா. அந்தம்மாவையும் சேர்த்துக் கெளப்பினீங்க பாருங்க, அப்பவே எனக்குப் பொறி தட்டுச்சு. வீட்டுக்குப் போற வழியெல்லாம் அவமேல கோவம். ஏன் எங்கிட்ட சொல்லலன்னு." கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் கேக்கற மாதிரி இருந்திருந்தா சொல்லியிருப்பா, இல்ல?"

சவுண்டு அக்கா பற்றவைக்கும் கோலைத் தாங்கியில் வைத்தாள்.

"ஆறு வருஷமா எண்ணிக்கிட்டே இருந்தேன்மா. பாட்டை ஒரு நாளும் கேட்டதில்ல." எழுந்தவர் வாசலில் திரும்பினார். "சனிக்கிழமை தனியா பஸ்ல வருவா. நீங்க சொன்னீங்கன்னே இருக்கட்டும். எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லாதீங்க."

நிகழ்ச்சி அன்று பூங்காவில் மாலை வெயில் இன்னும் சாயவில்லை. புல்தரையில் நாற்காலிகள், அவற்றுக்குப் பின்னால் மிக்ஸர் மேஜை. முன்வரிசை பக்கமே போகாமல் மெக்கானிக் அவள் அருகில் வந்து நின்றார். இரண்டாவது பாட்டின் நடுவில் கீபோர்டு திடீரென்று ஊமையாகிவிட்டது. பிளக் லேசாக நழுவியிருக்க வேண்டும். கீபோர்டு பையன் பேயறைந்த மாதிரி நின்றான். அடுத்து வயலின் எடுக்கவேண்டிய இடம். மகளின் கண் வழக்கம்போல முன்வரிசைக்குப் போனது. அங்கே யாரோ ஒரு குழந்தை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. மேஜைக்குப் பின்னால் மெக்கானிக்கின் உதடு அசைந்துவிட்டது. அதை அவரே பார்த்ததுபோல் சட்டென்று வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

மகள் திரும்பி இடியைப் பார்த்தாள். இடி புருவத்தை உயர்த்தினாள், தட்டுவதை நிறுத்தவில்லை. ஒரு சுற்று போனது. இன்னொரு சுற்று. பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையசைத்தார்கள். கீபோர்டுக்கான இடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வயலின் எழுந்தது. இரண்டு இடத்தில் பிசிறு தட்டியது. ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. சவுண்டு அக்கா மிக்ஸரில் வயலினுக்கான குமிழைக் கொஞ்சம் மேலே தள்ளினாள். பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

முடிந்தபிறகு மெக்கானிக், காலிப் பெட்டியைத் திறந்து ஒரு பெஞ்சில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தார். மகள் வரவில்லை. மேடைக்குக் கீழே, பிஸ்கட் தின்ற குழந்தை அவள் பாவாடையைப் பிடித்து இழுத்து இன்னொரு பாட்டு கேட்டது. அவள் குந்தி உட்கார்ந்து, மைக் இல்லாமல், அதற்காக மட்டும் மெதுவாக எதையோ வாசித்தாள்.

"இது என்ன பாட்டு?" வயர் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த சவுண்டு அக்காவிடம் கேட்டார்.

"தெரியலண்ணா. இங்க யாரும் சொல்லித்தரல."

அவர் தலையைச் சற்றே சாய்த்தார். மடியில் இரண்டு கையும் சும்மா கிடந்தன.