வாசலில் தொங்கிய தக்காளி

எண்பத்திரண்டில் கிணறு வற்றியதும் அடி அண்ணாமலையிலிருந்த அரை ஏக்கரை விற்றது நான்தான். பழி போட வேறு ஆள் இல்லை. ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் தோட்ட வேலை கிடைத்தது. ராஜம்மாள் வீட்டில் ஒற்றை அறை வாடகைக்குக் கிடைத்தது. சுற்றிலும் சிமெண்ட். என் மனைவி பொன்னி ஒரு வாரம் இருந்து பார்த்தாள்.

"ஒரு மொளகா செடி வைக்க மண்ணு இல்லாத வூட்டுல எப்படிங்க இருக்கறது? செடி வச்சிக் காட்டுங்க, வரேன்" என்று சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

விடுதியில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் செய்து காட்டிய வித்தை கைகொடுத்தது. மண்ணெண்ணெய் டின்னின் அடியில் ஓட்டை போட்டு, தக்காளி நாற்றை அதன் வழியாகத் தலைகீழாகத் தொங்கவிட்டு, வேரைச் சாக்குத்துணியால் அணைத்து, மேலே எருவும் மண்ணும் நிரப்ப வேண்டும். வெயில் விழுகிற இடம் வாசல் மட்டும்தான். நிலைப்படிக்கு மேலிருந்த இரும்புக் கொக்கியில் மாட்டினேன். செடி நாலே நாளில் வெளிச்சம் தேடி மேல்நோக்கி வளைந்தது. என்னைவிட அதற்கு ரோஷம் ஜாஸ்தி.

காய்த்ததும் தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதலில் பழுத்த நாலு பழத்தைத் துண்டில் முடிந்து பொன்னியிடம் கொண்டுபோனேன். அப்போது அவளுக்கு நாலு மாதம். ஏற்கெனவே இரண்டு தங்கவில்லை. "நம்ம வூட்டுதா?" என்று கேட்டு, ஒரு பழத்தை அங்கேயே கடித்துத் தின்றாள். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னாள்.

துணிமூட்டையோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். டின்னில் மஞ்சளும் குங்குமமும் பூசியிருந்தது. கறுப்புக் கயிற்றில் எலுமிச்சையும் படிகாரமும் தொங்கின. ராஜம்மாளின் வேலை. ஒரு மாதமாக அப்படித்தான் இருந்தது; நான் கண்டுகொள்ளவில்லை. திருஷ்டிக்குக் கட்டிய பூசணியை இறக்கி யாரும் குழம்பு வைக்கமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். எனக்கு அது என் தக்காளி, அவ்வளவுதான்.

"வர்றவன் போறவன் கண்ணெல்லாம் அதும் மேலதான் வுழுது. வூட்டுக்கு நல்லதுதானேம்மா" என்றாள் ராஜம்மாள், கள்ளமில்லாமல்.

பொன்னி என்னைப் பார்த்தாள். "இதுலருந்தா பறிச்சாந்தீங்க?"

பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அன்று சொல்லியிருப்பேன். "ஆமா. இப்பவே கழட்டிடறேன். உள்ள வா."

"ஊரு கண்ணயெல்லாம் என் வயித்துல போட்டுட்டீங்களே" என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. மூட்டையை இடுக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தாள்.

பதினேழாம் நாள் கரு கலைந்தது. "தக்காளிக்கும் இதுக்கும் இன்னாங்க சம்பந்தம்? ஒடம்புல ரத்தம் கம்மி" என்றார் ஆஸ்பத்திரி நர்ஸ். அதைச் சொல்லத்தான் பொன்னியிடம் போனேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நர்ஸ் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி, போங்க" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

ரத்தம் கம்மி, ரத்தம் கம்மி என்று நானும் தினமும் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் அந்த நாலு பழத்தையும் நானே தின்று தொலைத்திருக்கலாம் என்றுதான் மனம் அடித்துக்கொள்கிறது.