கோட்டுக்குக் கீழே

தச்சர் முதலில் திட்டியது மட்டம் பார்க்கிற லேசரைத்தான்.

காலையில் வந்ததும் அதைச் சமையலறையில், உத்திரத்தின் உயரத்துக்கு நீட்டிய முக்காலியில் வைத்துப் பொத்தானை அமுக்கினார். சிவப்புக் கோடு நான்கு சுவரையும் சுற்றி ஓடி, தலைக்கு மேல் குறுக்கே கிடந்த மர உத்திரத்தின் பக்கவாட்டிலும் விழுந்தது. நேற்றுக் காலையில் இதே கோட்டை வைத்துத்தான், அலமாரி தொங்கவிட உத்திரத்தில் பென்சில் குறி போட்டிருந்தார். இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. இப்போது அந்த நடுக்குறி, கோட்டுக்கு ஒரு நகக்கண் அளவு கீழே நின்றது.

அவருடைய மச்சினனை ஊரே ரம்பம் என்றுதான் கூப்பிடும். வயது ஐம்பதாகப் போகிறது, வாய் மட்டும் ஓயவில்லை. வண்டியிலிருந்து நேற்று லேசரைக் கீழே போட்டவன் அவன்தான். அதனால் அவனே முந்திக்கொண்டு, இதெல்லாம் விளையாட்டுச் சாமான் மாமா, நூல் பிடித்தால் தீர்ந்தது என்று ஆரம்பித்தான்.

தச்சர் முனைக் குறிகள் இரண்டையும் பார்த்தார். இரண்டின் மேலும் கோடு அச்சாக உட்கார்ந்திருந்தது. கெட்டுப்போன லேசர் மூன்றையும் அல்லவா தப்பாகக் காட்டும்? நடுவை மட்டும் எப்படிக் காட்டும்? அப்படியென்றால் இறங்கியிருப்பது உத்திரம்தான்.

நடுவில் நேற்று வரைக்கும் ஒரு தூண் இருந்தது. அறை விசாலமாகத் தெரியவேண்டும், அதை எடுக்க முடியுமா என்று வீட்டுக்கார அம்மா கேட்டாள். தூணின் தலைக்கும் உத்திரத்துக்கும் இடையில் தச்சர் ஒரு காகிதத்தைச் செருகிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு போனது. பாரம் தாங்குகிற தூணில் காகிதம் நுழையாது. இது அழகுக்கு நிற்கிறது என்று சொல்லிக் கழற்றிவிட்டார்.

"மேல யாரும்மா இருக்காங்க?" என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"எங்க அண்ணன்தான். நேத்து சாயங்காலம் ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வந்தோம். கால்ல மாவுக்கட்டு."

இரும்புக் கட்டில், இரும்பு பீரோ, அண்ணனின் புத்தகப் பெட்டிகள் என்று எல்லாமே நேற்று சாயங்காலம்தான் மேலே ஏறியிருக்கின்றன. காகிதம் நுழைந்தபோது அந்த அறை காலி. முப்பது வருஷமாகச் செய்கிற சோதனை. மேலே போய் ஒரு தடவை எட்டிப் பார்க்கத் தோன்றவில்லையே என்று தச்சர் தன்னையே நொந்துகொண்டார்.

உத்திரத்துக்குள் எங்கேயோ மெல்ல ஒரு முறிகிற சத்தம். குறி இன்னும் இறங்கியிருந்தது. கோட்டுக்கும் அதற்கும் நடுவே இப்போது ஒரு கட்டைவிரலே போகும். ரம்பம் வாயை மூடிக்கொண்டான்.

அண்ணனைத் தூக்கிவர அம்மா படிப்பக்கம் ஓடினாள். தச்சர் குறுக்கே நின்று, மேலே இன்னொரு ஆள் பாரம் கூடாது என்றார். தூணை எடுத்து வரச் சொன்னார். ரம்பம் அசையவில்லை. அடிப்பக்கம் கரையான் தின்றிருந்ததாம், ஒரு சாண் அறுத்துவிட்டானாம்.

"உங்க கார்ல ஜாக்கி இருக்காம்மா?"

அவள் கொண்டு வந்தாள். தரையில் தடித்த பலகை, அதன்மேல் ஜாக்கி, அதன்மேல் குட்டைத் தூண். தூண் இம்மி சாய்ந்து நின்றாலும் பாரம் ஏறியதும் துள்ளி ஆளை அடிக்கும். தூக்குக்குண்டு ஆடி நிற்கும்வரை காத்திருக்க நேரமில்லை. தச்சர் லேசரின் இரண்டாவது பொத்தானை அமுக்கினார். உத்திரத்திலிருந்து தரைவரை நெட்டுக்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இறங்கியது. விளையாட்டுச் சாமான் என்றவன் தூணை இரண்டு கையாலும் பிடித்து, கண் இமைக்காமல் அந்தக் கோட்டோடு ஒட்டி நிறுத்தினான்.

மேலே கட்டில் கிரீச்சிட்டது. என்ன சத்தம் அங்கே, நான் வேண்டுமானால் இறங்கி வரட்டுமா என்று அண்ணனின் குரல் கேட்டது. ஊன்றுகோல் ஒருமுறை தரையில் தட்டியது. உத்திரத்திலிருந்து தூசி உதிர்ந்து சிவப்புக் கோட்டுக்குள் புகைபோல ஓடியது.

"அண்ணே, படுத்தே இருங்க. புரளக்கூட வேணாம்," என்று தச்சர் மேலே பார்த்துச் சொன்னார்.

"ஏம்ப்பா, வீடு விழப்போகுதா?" என்று அவர் சிரித்தார்.

கீழே மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனம் மேலேயும் எட்டியிருக்கவேண்டும். சிரிப்பு பாதியில் நின்றது. அப்புறம் ஊன்றுகோல் சத்தமும் இல்லை.

தச்சர் ஜாக்கியின் பிடியைச் சுற்றினார். அரைச் சுற்று. உத்திரம் முனகியது. இன்னும் அரைச் சுற்று. அவர் பார்வை தூணில் இல்லை, நடுக்குறியில் இருந்தது. கட்டைவிரல் இடைவெளி நகக்கண் அளவானது, நகக்கண் மயிரிழையானது. அதற்குமேல் அவர் சுற்றவில்லை. நிமிர்த்துகிறேன் என்று போய் முறித்துவிட்டால்? கால்மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்கள். குறி நகரவில்லை.

அப்புறம்தான் தச்சரும் ரம்பமும் மேலே ஏறினார்கள். சுவரோரமாகவே அடியெடுத்து வைத்து, அண்ணனை நாற்காலியோடு தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். தங்கை அவர் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

"தூண் தேவையில்லன்னு சொன்னது நான்தாம்மா. உங்கமேல தப்பில்ல," என்றார் தச்சர்.

நல்ல தூண் வாங்கக் கிளம்பியவர் பழக்கதோஷத்தில் லேசரை அணைக்கக் கையை நீட்டியபோதுதான் வாசலிலிருந்து அவள் குரல் வந்தது.

"அத மட்டும் அணைச்சுட்டுப் போகாதீங்க."

தச்சர் கையை இழுத்துக்கொண்டார். பையிலிருந்த புது பேட்டரிகளை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.